நாலு கை வைக்கிற தையல்: பெருந்தமனி வீக்க அறுவைக்குப் போகிற குடும்பத்துக்கு

என் கடை அளவு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கங்கள் மாதிரி இருக்காது. மற்றதெல்லாம் ரவிக்கை அளவு, சுடிதார் அளவு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் அளவு. அந்த ஒரு பக்கத்தில், "6.8 செ.மீ. நெஞ்சு நடுவிலிருந்து தொப்புள் வரை. கிளை 4. கிரியேட்டினின் 1.4. பீடி நிறுத்தி 0 நாள்" என்று எழுதியிருப்பேன். அது எங்க வீட்டுக்காரருடைய அளவு. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்.

திருப்பாதிரிப்புலியூரில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். வயது 61. முப்பத்தைந்து வருஷமாக நாளைக்கு இரண்டு கட்டு பீடி. சிறுநீரகத்தில் கல் இருக்குமோ என்று வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனோம். பேசிக்கொண்டே ஸ்கேன் பார்த்த டாக்டர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் திரும்பவும் வைத்துப் பார்த்தார். "கல்லெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு" என்றார். எங்க வீட்டுக்காரர் நம்பவே இல்லை. "வலியே இல்லையே, எதுக்கு ஆபரேஷன்?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த நோய் பெரும்பாலும் வலி இல்லாமல்தான் வளரும். வலி வந்தால் அநேகமாக வெடிக்கப் போகிறது, அல்லது வெடித்துவிட்டது என்று அர்த்தம்.

அறுவை முடிந்து ஒண்ணேகால் வருஷம் ஆகிறது. இதே நோய் வந்த வேறு வீடுகளிலிருந்து என்னிடம் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டு விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்ல முடியும்.

எத்தனை சென்டிமீட்டர், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது

இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் குழாய்தான் பெருந்தமனி. டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள். வயிற்றுப் பகுதியில் அதன் சாதாரண அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. என் இஞ்ச் டேப்பில் முக்கால் இஞ்ச் சொச்சம். 3 செ.மீ. தாண்டினால் வீக்கம் என்று கணக்கு. வயிற்றில் மட்டும் இருக்கும் வீக்கத்துக்கு ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வந்ததும் அறுவையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நெஞ்சும் வயிறும் சேர்ந்த வீக்கத்துக்குப் பொதுவாக 6 செ.மீ. வரை பொறுப்பார்கள், ஏனென்றால் அந்த அறுவையே பெரிய ஆபத்து. அளவு குறைவாக இருந்தாலும் ஆறு மாதத்தில் அரை செ.மீ. வளர்ந்தால் காத்திருக்க மாட்டார்கள்.

எல்லாரும் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். "6 செ.மீ. இருக்காம்" என்று எனக்குப் போன் வரும். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே?" என்பதைத்தான். சிறுநீரகக் குழாய்களுக்குக் கீழே வீங்கியிருந்தால் அது ஒரு வகை அறுவை. அந்தக் குழாய்களையும் சேர்த்து வீங்கியிருந்தால் அது முற்றிலும் வேறு அறுவை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருந்த ஸ்டான்லி க்ராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் இதை வகை பிரித்து வைத்தார், டாக்டர்கள் இன்றைக்கும் 'க்ராஃபோர்ட் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்றுதான் பேசுகிறார்கள். இரண்டாம் வகை இடது தோளுக்குப் போகும் குழாயின் பக்கத்தில் தொடங்கி, சிறுநீரகக் குழாய்களையும் தாண்டி அடிவயிறு வரை போகும். ஆபத்து அதிகம் உள்ளது அதுதான். நான்காம் வகை வயிற்றுப் பகுதி மட்டும். எங்க வீட்டுக்காரருக்கு மூன்றாம் வகை. சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், "டாக்டர், இது எந்த வகை, எத்தனை கிளை இதில் மாட்டியிருக்கு?" என்று கேளுங்கள். சி.டி.யைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது டாக்டரிடம் காட்டும்போது எழுதிய ரிப்போர்ட்டைவிடப் படம்தான் பேசும்.

நாலு கை

கிளை என்று நான் சொல்வது இவைதான். ஒன்று கல்லீரல், மண்ணீரல், இரைப்பைக்குப் போகிறது. இன்னொன்று குடலுக்கு. மற்ற இரண்டும் ஆளுக்கொரு சிறுநீரகத்துக்கு. இவை தவிர முதுகுப் பக்கமிருந்து கிளம்பும் சின்னச் சின்னக் கிளைகள் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கின்றன. கால் நடப்பதும் நடக்காமல் போவதும் அந்தச் சின்னக் கிளைகளைப் பொறுத்தது.

டாக்டரிடம், "சார், வைக்கப்போகும் குழாயை ஒருமுறை கையில் பார்க்கலாமா?" என்று கேட்டேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. காலாவதியான ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் துணி. துருத்தி மாதிரி நெருக்கமாகச் சுருக்கம் வைத்து, வளைத்தால் மடியாமல் இருக்கும்படி நெய்திருந்தது. இழை டெக்ரான், அதாவது பாலியெஸ்டர். நான் தினமும் தைக்கும் டெரிகாட்டனில் கலந்திருப்பதும் இதே இழைதான். விரலை விட்டுப் பார்த்தேன், கட்டைவிரல் தாராளமாகப் போனது. பக்கவாட்டில் சின்னக் குழாய்கள் நாலு இணைத்திருந்தார்கள். "பெரிய குழாயை மேலேயும் கீழேயும் இணைக்கிறது ஒரு வேலைம்மா. இந்த நாலையும் ஒவ்வொண்ணா வச்சுத் தைக்கிறவரைக்கும் அந்தந்த உறுப்பு ரத்தம் இல்லாமக் காத்துக்கிட்டிருக்கும்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சட்டையில் உடம்புப் பாகத்தை யாரும் தைத்துவிடுவார்கள். கை வைக்கும்போதுதான் கைக்குழி சுருங்காமல், இழுக்காமல் வர வேண்டும். அதைச் சொன்னேன். "அதேதான்" என்றார். அன்றைக்குத்தான் நோட்டில் 'கிளை 4' என்று எழுதினேன்.

இந்தத் துணிக்குழாயின் கதையை நர்சிங் படிக்கும் என் மகள் தேடிச் சொன்னாள். 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் நைலான் வாங்கக் கடைக்குப் போனாராம். நைலான் தீர்ந்துபோயிருந்ததால் டெக்ரான் வாங்கி வந்து, வீட்டில் மனைவியின் தையல் மெஷினிலேயே முதல் குழாய்களைத் தைத்தாராம். அதற்கு முன்னால் வழி எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு ஐன்ஸ்டைன் ஒரு சாட்சி. 1948ல் அவருடைய வயிற்று வீக்கத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றிவிட்டார்கள். 1955ல் அது வெடித்துத்தான் அவர் இறந்தார்.

இப்போது இரண்டு வழி. ஒன்று திறந்த அறுவை. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, விலாவை ஒட்டி, வயிறு வரை வெட்டுவார்கள். எங்க வீட்டுக்காரரின் தழும்பை என் டேப்பில் அளந்தேன், 23 இஞ்ச். இன்னொன்று தொடை இடுக்கு வழியாக உள்ளே செலுத்தும் ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது கம்பி வலையும் துணியும் சேர்ந்த குழாய். கிளைகளுக்கு ஓட்டையோ கையோ வைத்த ஸ்டென்டை அந்தந்த நோயாளியின் சி.டி. அளவுக்கே செய்து வரவழைக்கிறார்கள், அதற்கு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். வயதானவர்களுக்கும் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் அது நல்ல வழி. ஆனால் ஸ்டென்டைச் சுற்றி ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி வளரலாம். அதனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், சிலருக்குத் திரும்பவும் சிகிச்சை வேண்டியிருக்கும். கால் செயலிழக்கும் ஆபத்து அதிலும் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். மார்ஃபான் நோய் மாதிரி பிறவியிலேயே உடம்பின் இணைப்புத் திசு பலவீனமான இளவயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் திறந்த அறுவையைத்தான் சொல்கிறார்கள். எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் மற்றது ஏன் வேண்டாம் என்று கேட்டு, காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபத்தை எப்படிக் கேட்பது

"ரிஸ்க் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள். உயிருக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு, சிறுநீரகத்துக்கு எவ்வளவு, நுரையீரலுக்கு எவ்வளவு, பக்கவாதத்துக்கு எவ்வளவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். ஹூஸ்டனில் ஒரே குழு செய்த 3,309 நெஞ்சு-வயிற்றுப் பெருந்தமனி அறுவைகளின் கணக்கை 2016ல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு 7.5. கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் நூற்றுக்கு 2.9. நிரந்தரமாக டயாலிசிஸுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 5.7. உலகத்திலேயே இந்த அறுவையை அதிகம் செய்தவர்களின் கணக்கு இது. ஆகவே இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் இதேதான் என்று நினைக்கக் கூடாது. "நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க சார், எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். என் கொழுந்தனார் கையைப் பிடித்து இழுத்தார், டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று. அவர் கோபிக்கவில்லை. எத்தனை பேர், அதில் எத்தனை பேர் போனார்கள், ஒருவருக்குக் கால் வராமல் போனது உட்பட எல்லாம் சொன்னார். அப்படிச் சொல்கிறவரிடம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள்: "ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்?" எங்கள் விஷயத்தில் அந்தப் பதில்தான் முடிவு செய்தது. 6.8 செ.மீ. வீக்கத்தோடு வீட்டில் இருப்பது அறுவையைவிடப் பெரிய ஆபத்து என்றார். எண்பது வயது, நுரையீரல் மோசம், வீக்கம் 6 செ.மீ. என்றால் பதில் வேறாக இருக்கலாம். அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களும் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கின்றன.

முன்னால் கிடைக்கும் வாரங்கள்

எங்களுக்கு ஐந்து வாரம் கிடைத்தது. முதல் வேலை பீடி. இந்த அறுவைக்குப் பின் அதிகம் பேரைப் படுத்துவது நுரையீரல்தான். ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே தைக்கிறார்கள். குறைந்தது நாலு வாரமாவது புகை இல்லாமல் இருந்தால் பின்னால் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வருவது சுலபம். துறைமுகத்தில் அவருடைய கூட்டாளிகளிடம் நானே போய், "அண்ணே, இவருக்கு ஒரு பீடி கொடுத்தா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று பந்து ஊதுகுழாய் ஒன்று கொடுப்பார்கள். பேர்தான் ஊதுகுழாய், அதை ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து தடவை. என் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு ரவிக்கை முடியும்போதெல்லாம் இழுக்கச் சொன்னேன்.

இன்ஜின் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது, இரண்டும் கூடாது. பி.பி. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்க வேண்டும், அறுவையின்போது தண்டுவட நீரை வடிக்க முதுகில் ஒரு மெல்லிய குழாய் வைப்பதால் அது முக்கியம்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. எங்க வீட்டுக்காரர் நீர்க்கடுப்புக்கு அந்த மாத்திரையைத்தான் வருஷக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் இந்த அறுவை அதில் எந்தத் தலைப்பில் வருகிறது, வைக்கும் குழாய்க்கும் ஐ.சி.யு. நாட்களுக்கும் சேர்த்தா என்று காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாகூரில் இருக்கும் என் அக்கா வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் அவர்கள் கார்டு புதுச்சேரி கார்டு. தமிழ்நாட்டுத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. எல்லையில் இருப்பவர்கள் கார்டைப் பார்த்துவிட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள்.

ரத்தம். பத்துப் பேரைக் கொண்டுவரச் சொன்னார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து பன்னிரண்டு பையன்கள் ஒரு வேனில் வந்தார்கள். ஒருவன் முந்தின நாள் இரவு குடித்திருந்தான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவனுக்கு ஹீமோகுளோபின் 12.5க்குக் குறைவு. நல்லவேளையாக இரண்டு பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். நீங்களும் கேட்டதற்கு மேலே இரண்டு மூன்று பேரைச் சொல்லி வையுங்கள், முந்தின இரவு கடலுக்குப் போகாமல் தூங்கச் சொல்லுங்கள்.

இந்த வாரங்களில் திடீரென்று முதுகோ வயிறோ நெஞ்சோ தாங்க முடியாமல் வலித்தால், மயக்கம் வந்தால், வாயுத்தொல்லை என்று சோடா கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தநாள அறுவை செய்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் இதய, ரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது. சி.டி. கவரை வாசல் பக்கமே வைத்திருங்கள், 108ல் ஏறியதும் முதலில் "பெருந்தமனி வீக்கம், இத்தனை செ.மீ." என்று சொல்லுங்கள்.

கால் கட்டைவிரல்

காலை 7 மணிக்கு உள்ளே போனார், சாயங்காலம் 5 மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "நாலு கையும் வச்சாச்சும்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் எனக்காகவே நினைவு வைத்துச் சொன்னார் என்பதை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

ஆனால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதைத்தான் யாரும் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. அறுவை மேஜையிலிருந்து கால் அசைந்தபடி வந்தவருக்கும், ஒரு நாள், இரண்டு நாள், சிலசமயம் அதற்கும் மேலே கழித்துக் கால் விழலாம். பி.பி. இறங்கினால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் குறையும், அதுதான் முக்கியக் காரணம். அதனால்தான் அறுவைக்கு முன் குறைத்துக்கொண்டே இருந்த பி.பி.யை, பின்னால் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைக்கிறார்கள். இடுப்புப் பக்கம் முதுகில் ஒரு மெல்லிய குழாய் வைத்துத் தண்டுவட நீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறார்கள், உள்ளே அழுத்தம் குறைந்தால் ரத்தம் நன்றாகப் போகும். 2002ல் 145 பேரிடம் செய்த ஆய்வில் இந்தக் குழாய் வைக்காதவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குக் கால் பலவீனம் வந்தது, வைத்தவர்களில் 2.6 பேருக்குத்தான். குழாய்க்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. தலைவலி, கிருமித் தொற்று, அரிதாக மூளையில் ரத்தக்கசிவு வரலாம். எங்க வீட்டுக்காரருக்குக் கால் தப்பியதில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு.

மூன்றாம் நாள் காலை. முதுகுக் குழாயை எடுப்பதற்கு முன்னால் மூடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். வென்டிலேட்டர் முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள், குரல் கரகரவென்று காற்றாக வந்தது. குரல் நாணுக்குப் போகும் நரம்பு பெருந்தமனியைச் சுற்றித்தான் போகிறது, அது பாதிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "ஏங்க, கட்டைவிரலை ஆட்டுங்க" என்றேன். வலது ஆடியது. இடது ஆடவில்லை. "ஆட்டுறேனே" என்றார். ஆட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே அந்த விரல் பேசாமல் கிடந்தது. "சிஸ்டர்" என்று நான் கத்தியது அந்த வார்டுக்கே கேட்டிருக்கும்.

சிஸ்டர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். பி.பி. 96. காலையில் 140 இருந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு, மருந்து போட்டு பி.பி.யை ஏற்றினார்கள், மூடிய குழாயைத் திறந்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். நண்பகல் வரை ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்குக் கொழுந்தனார் உள்ளே போய்விட்டு வந்து, "அண்ணி, ஆடுது" என்றார்.

ஆகவே, உள்ளே விடும் ஐந்து நிமிஷத்தில் அழுதுகொண்டோ விபூதி பூசிக்கொண்டோ முழு நேரத்தையும் போக்கிவிடாதீர்கள். இரண்டு கட்டைவிரலையும் ஆட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். உங்கள் முறை முடிந்து அடுத்தவர் உள்ளே போகும்போது அவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். அப்புறம், சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கிரியேட்டினின் இன்றைக்கு என்ன என்று தினமும் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு 2.3 வரை ஏறி, டயாலிசிஸ் இல்லாமலே இறங்கியது. வயிறு உப்பி, கடும் வலி என்றால் குடலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பார்கள், அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

பதினெட்டு நாள் கழித்து வந்தோம். முதல் மாதம் கழிவறைக்குப் போவதே பெரிய வேலை. விலாப் பக்கத்து வலி மூன்று மாதம் இருந்தது. பசியே எடுக்காது, கஞ்சியும் முட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுத்தேன். குரல் நாலாவது மாதம் பாதி திரும்பியது. ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம், அதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இருவரும் பேசாமல் வேதனைப்பட வேண்டாம். காய்ச்சல் வந்து இறங்கவில்லை என்றால் ஊர் டாக்டரிடம், "உள்ளே துணிக்குழாய் இருக்கு" என்று சொல்ல வேண்டும், அதில் கிருமி பிடித்தால் லேசில் போகாது. திறந்த அறுவை செய்தவர்களும் ஸ்கேனை விடக் கூடாது, மீதி இருக்கும் பெருந்தமனி வேறு இடத்தில் வீங்கலாம்.

இது குடும்பத்தில் ஓடும் நோய். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றுப் பகுதியைப் பார்க்கச் சாதாரண வயிற்று ஸ்கேன் போதும், ஊசி கிடையாது, பத்து நிமிஷம்தான். கொழுந்தனார் ஆறு மாதம் தட்டிக்கழித்தார். போன ஆவணியில் மஞ்சக்குப்பத்தில் நானே கூட்டிப்போய் எடுத்தேன். 3.6 செ.மீ. அவரும் பீடி குடிக்கிறவர்தான். அண்ணன் தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டியதும் அன்றைக்கே கட்டைத் தூக்கிப் போட்டார். என் அளவு நோட்டில் இப்போது அவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: "3.6. அடுத்த ஸ்கேன் ஆவணி."